கம்பனிக் குளத்துக்கு வாய் வெட்டிய நாள்

என் மாமா, அம்மாவின் தம்பி, கடற்கரையோரப் பெரியகல்லாற்றுக்காரர். மீன்பிடியைத் தவிர அவருக்கு இன்னொரு வேலையும் தெரியும். மாரியில் வாவி நிறைந்து வயல்களுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் ஏறும்போது, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல் திட்டை வெட்டிவிட வேண்டும். வாய் வெட்டுவது என்று அதற்குப் பெயர். திட்டின் மிக ஒடுங்கிய இடத்தைத் தேர்ந்து, கடல் வற்றும் நேரம் பார்த்து, ஒரு சாண் அகலத்தில் ஒரு வாய்க்கால் இழுப்பார்கள். அதற்குப் பிறகு மனிதனுக்கு அங்கே வேலை இல்லை. தண்ணீரே இரண்டு கரையையும் தின்று, பொழுதுபடுவதற்குள் ஆற்றின் அகலத்துக்கு வந்துவிடும். முதல் வெட்டை எல்லோரையும் வெட்ட விடமாட்டார்கள். மாமாவை விடுவார்கள். எங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு முறையும், பேச்சு எதைப் பற்றித் தொடங்கினாலும், இந்த இடத்துக்கு அதைக் கொண்டுவந்து சேர்ப்பது அவருடைய மூன்றாவது தொழில்.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். கடல் தெரியாது. வயல் உண்டு, வயலுக்கு மேலே இரண்டு பாறை மலைகள் உண்டு. யுத்தம் முடிந்து வீதிகளுக்கெல்லாம் தார்க் காப்பெற் போடத் தொடங்கிய காலத்தில், தெற்கு மலையை ஒரு கம்பனி உடைக்க ஆரம்பித்தது. உடைத்த கல்லின் தூளைத் தண்ணீரில் கழுவினால் கட்டட வேலைக்கு மணல் கிடைக்கும். கழுவி மிஞ்சுவது சாம்பல் நிறச் சேறு. இரண்டு மலைகளுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தின் வாயை மண்ணாலும் கழிவுக் கல்லாலும் அடைத்துக் கட்டு எழுப்பி, சேற்றைப் பம்ப் வைத்து அதற்குள் இறைத்தார்கள். பள்ளம் நிரம்ப நிரம்ப, ஒவ்வொரு கோடையிலும் கட்டை உயர்த்தினார்கள். உயர்த்திய கட்டின் ஒரு பாதி பழைய கட்டின் மேலும், மறு பாதி காய்ந்த சேற்றின் மேலும் நின்றது. இதை எந்த அறிக்கையிலும் படித்து நான் சொல்லவில்லை. நாங்கள் அதில் ஏறி விளையாடியிருக்கிறோம். காய்ந்த இடத்தில் ஒருத்தி குதித்தால், பத்தடி தள்ளி நிற்பவளின் கால் ஆடும். அது எங்களுக்கு மிகவும் பிடித்த விளையாட்டு.

ஊரில் அதைக் கம்பனிக் குளம் என்றார்கள். குளமென்று சொன்ன பிறகு அதைப் பற்றிக் குளத்தைப் போலவே யோசிக்கவும் பழகிவிட்டார்கள். கட்டின் அடியில் கம்பனியின் தகரக் கொட்டில். அதில் மலையகத்திலிருந்து வேலைக்கு வந்த நான்கு பேர் இருந்தார்கள். ஒரு கணவன், மனைவி, கணவனின் தம்பிமார் இருவர். அந்த அக்கா சுடும் ரொட்டியின் மணம் பாடசாலை விட்டு வரும் எங்களை வழியில் நிறுத்தும். கேட்காமலே ஆளுக்கொரு துண்டு பிய்த்துத் தருவார். கொட்டிலுக்குக் கீழே எங்கள் பதினேழு வீடுகள். அதற்குக் கீழே ஊர் வயல் முழுவதும் கிடந்த வட்டை. அதற்கப்பால் வாவி.

எனக்குப் பத்து வயதான அந்த மார்கழியில் ஏழு நாள் விடாமல் மழை பெய்தது. கம்பனி வேலையை நிறுத்திவிட்டது. முகாமையாளர் தன் ஊருக்குப் போய்விட்டார். குளத்திலிருந்து மேலதிகத் தண்ணீரை வெளியே விட ஒரே ஒரு குழாய் இருந்தது. அதன் வாயைச் சேறு அடைத்துக்கொண்டது. ஐந்தாம் நாள் கட்டின் தெற்குப் பக்க அடியில் தண்ணீர் கசிந்தது. ஆறாம் நாள் அந்தக் கசிவு சாம்பல் நிறமானது. அப்பாவும் வேறு சிலரும் கம்பனியின் காவற்காரரிடம் போனார்கள். அவர் எங்கள் ஊர்க்காரர்தான், எனக்கு அண்ணன் முறை. மஞ்சள் மழைக்கோட்டில், தொலைபேசியைப் பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு, முகாமையாளரோடு பேசினார். பேசிவிட்டுச் சொன்னார்.

"திங்கக்கிழம இஞ்சினியர் வருவாராம். அதுவரைக்கும் பம்ப் கிட்ட ஆள் நிக்கட்டாம். வேற ஒண்டும் சொல்லல்ல."

அன்று வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை காலை மாமா தோணியில் வந்தார். வட்டையே வாவியாகிக் கிடந்ததால், வயல் வரம்புகளுக்கு மேலாகத் தோணியைக் கம்பால் ஊன்றித் தள்ளி எங்கள் வேலி வரைக்கும் வந்து இறங்கினார். தன் அக்கா குடும்பத்துக்கு என்ன ஆயிற்றோ என்று பார்க்க வந்தவர், கையில் ஒரு பை இறாலும் கொண்டுவந்திருந்தார். பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தவர் கட்டைப் பார்த்தார். குளத்துத் தண்ணீர் கட்டின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. கீழே நின்று பார்த்தாலும், மழைத்துளி விழுந்து மேலே தெறிப்பது தெரிந்தது.

"இதென்ன அத்தான், தலைக்கு மேல கஞ்சிப் பானைய வெச்சிட்டு, கீழ பாய் விரிச்சிப் படுத்திரிக்கிங்க?"

"சொல்லியாச்சி மச்சான்," என்றார் அப்பா. "திங்கக்கிழம ஆள் வருமாம்."

"தண்ணிக்குத் திங்கக்கிழமைய ஆரு சொல்லிக் குடுத்த?"

மாமா மேலே ஏறிப் போனார். நானும் பின்னால் போனேன். யாரும் தடுக்கவில்லை. அவர் கட்டின் மேல் வடக்கிலிருந்து தெற்காக ஒருமுறை நடந்தார், திரும்பி ஒருமுறை நடந்தார். நடுவில் நின்று குதிகாலால் அழுத்திப் பார்த்தார். வடக்கு மலையைக் கட்டு தொடும் இடத்தில் குந்தி, மண்ணைக் கையில் எடுத்து உருட்டினார். பிறகு அப்பாவின் மண்வெட்டியைக் கேட்டார்.

அம்மாவும் ஏறி வந்திருந்தா. "டேய், கடற்கரையில வெட்டுறதும் இதுவும் ஒண்டாடா?"

"தண்ணி எங்கயும் தண்ணிதான்கா. இந்த ஓரத்தில வெட்டினா மலையோட ஒட்டி ஓடிப் போயிரும். ஒரு சாண் காணும்."

"ஒரு சாண் ஒரு சாணா நிக்குமா எண்டுதான் கேக்கன்," என்றார் அப்பா.

மாமா சிரித்தார். "நிக்காட்டித்தான் நல்லம் அத்தான். கெதியா வத்தும்."

கடற்கரையில் அது சரியான பதில். அங்கே வாய் எவ்வளவு அகலுகிறதோ அவ்வளவு ஊர் பிழைக்கும். அகலக் கூடாத வாயை அவர் அதுவரை வெட்டியதில்லை. அங்கே நின்ற யாருக்கும் அது தோன்றவில்லை, அப்பாவுக்கு அரைகுறையாகத் தோன்றியதைத் தவிர.

காவற்கார அண்ணன் மழைக்கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் வந்து நின்றார். "வெட்டினது ஆரெண்டு கம்பனி கேட்டா நான் என்னத்தச் சொல்ற?"

"நீ நித்திர கொண்டயெண்டு சொல்லு. ஒருத்தனும் ஐமிச்சப்பட மாட்டான்."

அண்ணனும் சேர்ந்து சிரித்தார். இரண்டு வீட்டில் கைக்குழந்தைகள் இருந்தன என்பதும், அவற்றில் ஒன்று அவருடைய வீடு என்பதும் அவருக்குத் தெரியும். வழியை விட்டு விலகினார்.

வாய் வெட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. வெட்டுவதற்கு முன் வாயின் முன்னால் கிடக்கும் தோணி, வலை, ஆள் எல்லாம் அகற்றப்பட வேண்டும். எல்லாம் அகன்றாயிற்று என்று ஒருவர் குரல் கொடுக்கும்வரை மண்வெட்டி மண்ணில் படக் கூடாது. மாமா அதில் பிடிவாதமாக நின்றார். பதினேழு வீட்டுச் சனமும் வடக்கு மலையில் பிள்ளையார் கோயிலடிக்கு ஏறியாக வேண்டும் என்றார். கிழவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் ஆட்டை விட்டு வரமாட்டேன் என்றார், ஆட்டோடு ஏற்றினார்கள். உலையில் கிடந்த சோற்றைப் பானையோடு தூக்கி வந்தவர்களும் உண்டு. இரண்டு மணித்தியாலம் ஆனது. மாமா மழையில் மண்வெட்டிக் காம்பில் நாடியை ஊன்றி நின்றார்.

"ஊர்ச் சனம் ஏறியாச்சா?"

அப்பா வீடு வீடாகச் சொல்லி எண்ணினார். "ஏறியாச்சி மச்சான்."

அந்தப் பதிலில் பொய் இல்லை. ஊர்ச் சனம் ஏறியிருந்தது. கொட்டிலில் இருந்த நான்கு பேரும் எங்கள் ஊர்ச் சனம் இல்லை. அவர்களைப் பம்ப்புக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கம்பனி சொல்லியிருந்தது, அவர்கள் நின்றார்கள். மலையில் இருந்த எங்களுக்குக் கொட்டிலின் புகை தெரிந்தது. அதில் ரொட்டி வேகிறது என்று நான் நினைத்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

மாமா பிள்ளையாரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, முதல் வெட்டை வெட்டினார். பத்துப் பதினைந்து வெட்டில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி, பாறைச் சரிவில் விழுந்து ஓடியது. கல்லாற்றில் வாய் திறக்கும்போது பெண்கள் குரவை போடுவார்கள். அம்மா கல்லாற்றில் பிறந்தவ. யோசிக்காமல் குரவை போட்டா. மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சிறுவர்கள் கூவினோம்.

ஒரு சாண் சிறிது நேரத்தில் ஒரு முழமானது. பிறகு ஒரு மாடு படுக்கும் அகலமானது. மாமா மண்வெட்டியை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. சற்று நேரம் கழித்துப் பார்த்தபோது இல்லை. "சாக்கு கொண்டாங்க, மண் நிரப்பி," என்று கத்தினார். நான்கைந்து பேர் உரப் பைகளில் மண் அள்ளிப் போட்டார்கள். வாய் அகலுவது நின்றது போலத்தான் இருந்தது. குளத்து நீர் ஒரு முழம் இறங்கியிருந்தது. ஒருவர் வெற்றிலை மடித்து மாமாவின் வாயில் வைத்தார். இன்றைக்கும் மறக்க முடியாத ஒன்று உண்டு என்றால், அந்த ஒரு மணித்தியாலத்து மகிழ்ச்சிதான்.

"கொட்டில்ல அந்தச் சனம் கிடக்கே," என்று காவற்கார அண்ணன் அப்போதுதான் சொன்னார். "நான் போய்க் கூட்டிட்டு வாறன். தேத்தண்ணி வெய்ங்க."

மஞ்சள் கோட்டு சரிவில் இறங்கிப் போவதை எல்லோரும் பார்த்தோம். அவர் கொட்டிலுக்கு முன்னால் நின்று கையை ஆட்டிப் பேசுவது தெரிந்தது. ரொட்டி சுடும் அக்கா தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கணவன் பம்ப் பக்கம் கையைக் காட்டினார். அண்ணன் அவருடைய தோளைப் பிடித்து இழுத்தார்.

கட்டு வடக்கே, மாமா வெட்டிய இடத்தில் உடையவில்லை. தெற்கே, கசிந்துகொண்டிருந்த இடத்தில் உடைந்தது. முதலில் அடிப்பகுதி வயிறு தள்ளுவது போலத் தள்ளியது. பிறகு மேற்பகுதி அப்படியே கீழே உட்கார்ந்தது. இடிச் சத்தம் எதுவும் இல்லை. நனைந்த சாக்கைத் தரையில் இழுப்பது போன்ற சத்தம், ஆனால் எல்லாத் திசையிலிருந்தும். வந்தது தண்ணீர் இல்லை. அலை இல்லை, நுரை இல்லை. சாம்பல் நிறத்தில் நிலமே எழுந்து நடந்தது. கொட்டிலின் தகரக் கூரை நிமிர்ந்து நின்றபடி கொஞ்சத் தூரம் போனது. பிறகு அதுவும் இல்லை. மஞ்சள் நிறம் எங்கேயும் தெரியவில்லை.

பெண்கள் கத்தினார்கள். மாமா, சேறு எங்கள் வீடுகளின் யன்னல் வரை ஏறி, வட்டைக்குள் பரவி நிற்கும்வரை நின்ற இடத்தில் நின்றார். சேறு நின்றதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகக் கீழே இறங்கினார்.

ஐந்து பேரையும் எடுக்க ஐந்து நாள் ஆனது. இராணுவம் வந்தது, பெரிய இயந்திரங்கள் வந்தன. ஆனால் சேறு ஆளைத் தாங்காத இடங்களில் பலகை போட்டுப் படுத்துக்கொண்டு கையால் அள்ளியவர்களில் மாமாவும் ஒருவர். காவற்கார அண்ணனை அவர்தான் எடுத்தார் என்று அம்மா சொன்னா. நாங்கள் பாடசாலையில் தங்கியிருந்தோம். எந்த வகுப்பறைக்குள் போனாலும் மாமாவின் பேச்சுத்தான். "உன்ட மாமன் இல்லாட்டி இண்டைக்கு நாமெல்லாம் சேத்துக்குள்ள கிடப்பம் புள்ள," என்று ஒரு மாமி என் தலையைத் தடவினா. அது உண்மை. அவர் எல்லோரையும் மலைக்கு ஏற்றாவிட்டால் பதினேழு வீட்டுச் சனமும் போயிருக்கும். அவர் வெட்டித் தண்ணீரை வேகமாக இறக்கியிருக்காவிட்டால் அந்தக் கட்டு திங்கட்கிழமை வரை நின்றிருக்குமா என்பதை ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பிற்பாடு இரண்டு பொறியியலாளர்கள் கேட்டார்கள். அவர்கள் இரண்டு பதில் சொன்னார்கள்.

பெரியவர்கள் தங்களுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். கட்டு தானாக உடைந்தது. வெட்டியதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. சிறுவர்களான எங்களைக் கோயிலில் அன்னதானத்துக்கு அனுப்பிவிட்டு இந்தப் பேச்சை வைத்துக்கொண்டார்கள். பிறகு எங்களுக்குச் சொல்ல மறந்துபோனார்கள்.

ஆறாம் நாள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பாடசாலைக்கு வந்தார். கையில் ஒரு கோப்பு. மரியாதையான மனிதர். பெரியவர்கள் சேறு அள்ளப் போயிருந்த நேரம். நிவாரணத்துக்குப் பதிவு எடுக்க வந்தவர் என்று நினைத்துக் கதிரை கொடுத்தோம். கம்பனியின் சட்டத்தரணியிடம் வேலை செய்பவர் என்று பிறகுதான் தெரியும். அவர் எங்களிடம் எந்த வகுப்பு, என்ன பாடம் பிடிக்கும் என்று கேட்டார். உங்களை எல்லாம் காப்பாற்றியது ஒரு மாமாவாமே, அவர் யாருடைய மாமா, என்று கேட்டார்.

"என்ட மாமா," என்றேன்.

அதற்குப் பிறகு அவர் அதிகம் கேட்கவில்லை. நானே சொன்னேன். வாய் வெட்டுவது எப்படி, எந்த ஓரத்தில் வெட்ட வேண்டும், எத்தனை வெட்டில் தண்ணீர் வந்தது, எவ்வளவு அகலமானது. அவருக்கு விளங்காததை மணலில் குச்சியால் கீறிக் காட்டினேன். அப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை. அப்பா தயங்கியது எனக்கு வெட்கமாக இருந்தது, பெருமை முழுவதும் மாமாவுக்கே சேரட்டும் என்று நினைத்தேன். கட்டின் அடியில் கசிந்ததைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காததை நான் சொல்லவில்லை. நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நல்ல பிள்ளை என்று சொல்லி, என் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மாமாவின் மீது நடந்த வழக்கு பல வருடம் நீண்டது. முதல் எட்டு மாதம் அவர் சிறையில் இருந்தார். கட்டை வெட்டியது யார் என்பதைப் பற்றித்தான் அதில் கடைசிவரை பேசினார்கள். கட்டு எதன் மேல் நின்றது என்பதைப் பற்றி ஒரு நாள்கூடப் பேசவில்லை. கம்பனி அடுத்த கோடையில் வேறொரு பள்ளத்துக்குக் கட்டுக் கட்டியது. இதெல்லாம் பிறகு நடந்தவை.

அன்று மத்தியானம் மாமா சேற்றிலிருந்து திரும்பி வந்தார். வகுப்பறைச் சுவரில் முதுகைச் சாய்த்து, பீங்கானை மடியில் வைத்துச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் காய்ந்த சேறு முழங்கை வரை வெடித்திருந்தது. நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாமா, ஒரு ஆள் வந்திச்சி. உங்களப் பத்தி எல்லாம் சொல்லிட்டன்."

"என்னத்தச் சொன்ன?"

"நீங்கதான் வெட்டினதெண்டு."

பிசைந்த கை நின்றது. அம்மா கரண்டியோடு திரும்பினா. மாமா அவவைப் பார்த்துக் கையைக் காட்டினார், பேசாதே என்பது போல.

"அப்பாவும் நிண்டாரெண்டு சொன்னியா? வேற ஆரும்?"

"இல்ல மாமா. நீங்க மட்டும்தானெண்டு சொன்னன்."

"மெய்யா?"

"மெய்யா."

"நல்லாச் சொல்லியிரிக்காய் புள்ள," என்றார். மிச்சச் சோற்றையும் அவசரப்படாமல் சாப்பிட்டு முடித்தார். கிணற்றடிக்குப் போய்க் கையையும் காலையும் நீண்ட நேரம் தேய்த்துக் கழுவினார். பிறகு அம்மாவிடம் தன் சட்டையைக் கேட்டார்.

"எங்கடா போறாய்?" அம்மாவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. தடிமன் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

"சந்தி மட்டும் போய் வாறன்கா. அத்தான் வந்தா, நான் தனியத்தான் வெட்டினனாம், ஞாபகம் வெச்சிருக்கச் சொல்லு."

சந்தியில் ஒரு கடை உண்டு. எனக்கு டொபி வேண்டும் என்றேன்.

"எத்தின?"

"ரெண்டு."

அவர் படியிறங்கி நடந்தார். மழை விட்டிருந்தது. பாடசாலை மதிலில் ஏறி நின்றால் சந்தி தெரியும். நான் ஏறி நின்று பார்த்தேன். கடை இடப் பக்கம் இருந்தது. வலப் பக்கத்து வீதியில் பொலிஸ் நிலையத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது. மாமா சந்தியில் ஒரு கணம் நின்று, சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, வலப் பக்கம் திரும்பினார். வெளியூர்க்காரர், வழி மாறிப் போகிறார் என்று எனக்குப் பதற்றமாகிவிட்டது. கையை வாயில் குவித்துக்கொண்டு, என்னால் முடிந்த அளவுக்குக் கத்தினேன்.

"மாமா! கடை அந்தப் பக்கம் இல்ல!"